வடிவாம்பாள் தொட்டால் தண்ணீர் வராது

ஒரு காட்டில் ஒரு குளம் இருந்தது. அந்தக் குளத்துக்கு மூடியும் இருந்தது. யானைகள் இறங்கிக் கலக்கிவிடுகின்றன என்று காட்டுப் பஞ்சாயத்து அதை மூடி, கரையில் ஒரு தொடுதிரையை நட்டு வைத்திருந்தது. திரையில் விரலை மேலிருந்து கீழே இழுத்தால் பக்கத்துத் தொட்டியில் தண்ணீர் கொட்டும்.

இதைச் செய்தவன் சோலையப்பன் என்ற குரங்கு. நல்லவன், படித்தவன். தன் விரலால் பலமுறை இழுத்துப் பார்த்தான். ஒவ்வொரு முறையும் தண்ணீர் வந்தது. திறப்பு விழா நடத்திவிட்டான்.

மறுநாள்தான் மற்றவர்களுக்கு விரல் இல்லை என்பது தெரிந்தது. கரடி கருத்தமுத்து நகத்தால் இழுத்தான்; திரை அணைந்துபோனது. யானை ஈரத் துதிக்கையை வைத்தது. எழுத்தெல்லாம் ஆந்தை மொழிக்கு மாறிவிட்டது. புள்ளிமான் வடிவாம்பாள் குளம்பை மெல்ல வைத்தாள். பிளவுபட்ட குளம்பை இரண்டு விரல் என்று திரை எடுத்துக்கொண்டது. தண்ணீர் வரவில்லை. தண்ணீரின் படம் பெரிதானது.

கோடை. வடிவாம்பாளுக்குப் புதரில் பால் குடிக்கும் குட்டி இருந்தது. தாய்க்குத் தண்ணீர் இல்லை என்றால் குட்டிக்குப் பால் இல்லை.

எல்லோரும் போய்ச் சோலையப்பனைப் பிடித்தார்கள்.

"கவலைப்படாதீங்க. நீங்க எப்படித் தொடுறீங்கன்னு இயந்திரம் கொஞ்ச நாள் பார்த்துப் பழகட்டும். அதுவரைக்கும் நானே உட்கார்ந்து திறந்துவிடுறேன்" என்றான் அவன்.

இயந்திரம் பழகத் தொடங்கியது. ஆனால் வெயிலில் வரிசையில் நிற்கிறவர்கள் எப்படித் தொடுவார்கள்? கருத்தமுத்து அறைந்தான். யானை நெற்றியால் முட்டியது. காட்டுப்பன்றி தூரத்திலிருந்து ஓடிவந்து மோதியது. வடிவாம்பாள் மட்டும் ஒவ்வொருவருக்கும் வழிவிட்டு, கடைசியில் தன் முறை வரும்போது, தூசி தட்டுவதுபோலத் தொட்டுவிட்டுப் போனாள்.

சோலையப்பன் இயந்திரத்தைத் திருத்தினான். துல்லியம் மட்டும் போதாது, வேகமும் வேண்டும் என்று நினைத்தான். எனவே தொட்டவுடனே இயந்திரம் முடிவெடுத்துவிடும். லேசாக ஏதாவது பட்டால் அதைப் பற்றி யோசித்து நேரத்தை வீணாக்காது. சோலையப்பனின் விரலும் இப்போது அதற்கு லேசுதான்.

அற்புதமாக வேலை செய்தது. கருத்தமுத்து அறைந்த கையை எடுப்பதற்குள் தண்ணீர் கொட்டியது. வரிசை மளமளவென்று நகர்ந்தது. பன்றி சந்தோஷத்தில் இன்னொரு முறை மோதிவிட்டுப் போனது.

வடிவாம்பாள் இரண்டு நாளாகத் தொட்டாள். இரண்டு நாளும் திரையில் ஒரே எழுத்துதான் வந்தது: 'ஈ உட்கார்ந்திருக்கிறது. துரத்தவும்.'

"அண்ணே, என்னை ஈன்னு சொல்லுதே!"

சோலையப்பன் தலையைச் சொறிந்தான். "கிட்டத்தட்ட எல்லாரையும் சரியா கண்டுபிடிக்குதும்மா. அந்தக் கிட்டத்தட்டல விட்டுப்போனது நீ ஒருத்திதான்."

"இப்ப நான் என்ன பண்ணணும்?"

"கொஞ்சம் கோபமா தொட்டுப் பாரேன்."

"எனக்குக் கோபம் வராதே, அண்ணே."

தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பிய கருத்தமுத்து நின்றான். "வடிவு, போன வருஷம் நான் உன் வாலை மிதிச்சேன் இல்ல? அதை நினைச்சுக்கோ."

"அதை அப்பவே மன்னிச்சிட்டேனே."

"மன்னிப்பை வாபஸ் வாங்கு."

அவள் முயன்று பார்த்தாள். வரவில்லை. ஆனால் காலையில் குட்டி காலி மடியைச் சப்பிவிட்டுத் தலை நிமிர்ந்து பார்த்தது ஞாபகம் வந்தது. அவ்வளவுதான். திரைக்கு முதுகைக் காட்டி நின்று, இரண்டு பின்னங்கால்களையும் சேர்த்து ஓர் உதை விட்டாள்.

தொட்டி நிரம்பி வழிந்தது. 'வணக்கம், வடிவாம்பாள் அவர்களே' என்றது திரை.

வயிறு நிறையக் குடித்தாள். குட்டியும் அன்று வயிறு நிறையக் குடித்துவிட்டுத் துள்ளியது. அதன்பின் அவளுக்கு அது பழக்கமாகிவிட்டது. வருவாள், திரும்புவாள், உதைப்பாள், குடிப்பாள். அவள் குளம்புச் சத்தம் கேட்டாலே மற்றவர்கள் நகர்ந்து நின்றார்கள்.

ஒருநாள் மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வேங்கையன் என்ற புலி வந்தான். ஊருக்குப் புதிது, அங்கே வரிசை என்று ஒன்று இருப்பது தெரியாது. நேராக முன்னால் போனான். அங்கே ஒரு மான் தொட்டியில் குனிந்து குடித்தபடி அவனுக்கு முதுகைக் காட்டி நின்றது. தாகமும் தீரும், பசியும் தீரும் என்று அவனுக்கு ஒரே மகிழ்ச்சி. மெதுவாக ஒரு பாதத்தைத் தூக்கி அவள் இடுப்பில் வைத்தான்.

யாரோ வரிசையில் இடிக்கிறார்கள் என்று நினைத்த வடிவாம்பாள், திரும்பிக்கூடப் பார்க்காமல் உதைத்தாள். உதை சரியாக மூக்கில் விழுந்தது.

திரும்பிப் பார்த்த பிறகுதான் அது புலி என்று அவளுக்குத் தெரிந்தது. புலியின் கண்களில் நீர் தளும்பி நின்றது.

"அம்மா, வரிசை எங்கே ஆரம்பிக்குது?" என்று மூக்கடைத்த குரலில் கேட்டான்.

"யா... யானைக்குப் பின்னாலங்க."

"நன்றிம்மா" என்று சொல்லிவிட்டுப் போய் யானைக்குப் பின்னால் நின்றான்.

சோலையப்பனுக்கு வாய் மூடவில்லை. "என் இயந்திரம் இவளைப் புரிஞ்சுக்க ஒரு கோடை முழுக்க ஆச்சு. இவருக்கு ஒரே உதையில புரிஞ்சிடுச்சே!"

நீதி: பின்னங்கால் பலமாக இருந்தால், யாருக்கும் எதையும் இரண்டாம் முறை விளக்க வேண்டியதில்லை.