லில்லிப் பூவுக்காக வாதாடியவன்

துறைமுகத்தில் கிளார்க்காக இருக்கும் பற்றிக், மகளுக்குப் பெயர் வைக்கும் விஷயத்தில் மட்டும் தோற்பதில்லை என்று முடிவு கட்டியிருந்தான். மனைவி கொன்ஸ்ரன்ஸுக்குத் தன் தாயாரின் பெயரை வைக்க ஆசை. தாயார் பெயர் ஜீவராணி. வத்தளையில் இருந்தபடியே கொட்டாஞ்சேனையில் இவர்கள் வீட்டுக் குழம்புக்கு எவ்வளவு உப்பு என்று போனில் தீர்ப்புச் சொல்பவர். அந்தப் பெயரை வீட்டுக்குள் நாளுக்கு நூறு தரம் கூப்பிடுவதை நினைத்தாலே அவனுக்குக் குலை நடுங்கியது.

“கத்தோலிக்கப் பிள்ளைக்கு வேதாகமப் பேர்தான். அதுவும் எபிரேயப் பேர், நல்ல அர்த்தத்தோட,” என்று சட்டம் போட்டான்.

“சரி, நீங்களே தேடுங்கோ,” என்றாள் கொன்ஸ்ரன்ஸ். அவள் இவ்வளவு லேசாக விட்டுக்கொடுத்தபோதே அவன் உஷாராகியிருக்க வேண்டும்.

மறுநாள் பட்டியலோடு வந்தான்.

“ராகேல்?”

“என்ன அர்த்தம்?”

“பெண் செம்மறி.”

“பிள்ளைய மேய விடப்போறீங்களோ?”

“லேயா. களைச்சவள் எண்டு அர்த்தமாம்.”

“களைச்சவள் நான். அவள் நல்லாத்தான் நித்திரை கொள்றாள்.”

“தெபோரா. தேனீ.”

“கொட்டும்.”

“யூதித். யூதேயாக்காரி.”

“இவள் கொட்டாஞ்சேனைக்காரி.”

பட்டியலின் அடிக்கே வந்துவிட்டான். “சூசன்னா. லில்லிப் பூ.”

கொன்ஸ்ரன்ஸ் யோசித்தாள். “பூ வாடிப்போகுமே.”

அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. அரைமணி நேரம் லில்லிக்காக வாதாடினான். கடைசியில் அவள் பெருமூச்சு விட்டாள். “உங்கட இஷ்டம். பிறகு மாத்தக் கூடாது. ஃபாதரிட்ட நீங்களே எழுதிக் குடுங்கோ.”

அன்றைக்கே ஓடிப்போய் எழுதிக்கொடுத்தான். கல்யாணமாகி ஆறு வருஷத்தில் இதுதான் முதல் வெற்றி. வாய்கொள்ளாச் சிரிப்போடு திரிந்தான்.

ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம். ஃபாதர் “சூசன்னா” என்று சொல்லித் தண்ணீர் ஊற்றியதும் மாமியார் விம்மி அழுதார்.

“கோயில் புத்தகத்தில மட்டும் கிடந்த பேர். எல்லாரும் ஜீவராணி எண்டு கூப்பிட்டுக் கூப்பிட்டு, என்ட ஞானஸ்நானப் பேர் எனக்கே மறந்துபோச்சு. நீங்க தேடிப்பிடிச்சு வச்சிட்டீங்களே, மகன்.”

பற்றிக் மெல்ல மனைவி பக்கம் சாய்ந்தான். “உமக்கு இது தெரியுமோ?”

“நான் எங்க தேடினனான்? நீங்கதானே தேடினனீங்க.”

மாமியார் மூக்கைத் துடைத்தார். “இவ்வளவு பாசமான மருமகனை விட்டிட்டு, நான் வத்தளையில தனியக் கிடந்து என்ன செய்ய?”

குழந்தை அவன் விரலைப் பிடித்துக்கொண்டு பொக்கைவாயால் சிரித்தது. பெயர் அவளுக்கு நன்றாகத்தான் பொருந்தியிருந்தது. அவனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. போகட்டும் என்று வெளியே போய், மாமியாரை வத்தளையிலிருந்து ஏற்றிவந்த வாடகை வான் வண்டியின் கதவைத் திறந்தான்.

மாமியாரின் பெட்டி காலையிலேயே அதில் ஏறியிருந்தது.