ஐந்தாவது துடுப்பு

மதிப்புக்குரிய அத்தானுக்கு,

உங்கள் மைத்துனன் எழுதுவது. இங்கே அக்கா நலம், உங்கள் மகள் நலம், நான் சுமார். நீங்கள் நலமா என்று கேட்கப் போவதில்லை. மூன்று வாரமாக உங்கள் முகத்தைத்தான் திரையில் பார்த்துக்கொண்டிருக்கிறேன், மூக்கில் தோல் உரிந்த இடம்கூட மனப்பாடம். போனில் சொன்னால் சிரிப்பீர்கள், அதனால் கடிதம்.

போன வருடம் அந்த மலையாற்றில் நீங்கள் கயாக் விட்ட படத்தை எடிட் செய்யச் சொன்னீர்கள், சரி. போனது எத்தனை பேர்? நீங்கள், டாக்டர், கேமராக்காரர், நெட்டை. நான்கு பேர், நான்கு படகு. ஒவ்வொரு சரிவையும் தாண்டியதும் ஆளாளுக்குத் துடுப்பைச் செங்குத்தாகத் தூக்கி 'நான் பத்திரம்' என்று காட்டுவது உங்கள் வழக்கம், அதுவும் நல்ல வழக்கம்தான், ஆனால் எண்ணினால் ஐந்து துடுப்பு வருகிறது. முதல் சரிவில் ஐந்து, இரண்டாவதில் ஐந்து, எல்லாவற்றிலும் ஐந்து. இரட்டைப் பிம்பமோ என்று பார்த்தேன். இல்லை, அவனுக்குத் தனி நிழல், அவன் படகுக்குத் தனி நுரை. மஞ்சள் ஹெல்மெட், அதில் கருப்பு டேப்பால் ஒரு பெருக்கல் குறி, முகம் ஒரு ஃபிரேமிலும் திரும்பவில்லை. துடுப்பைப் பிடித்திருக்கும் லட்சணத்தைப் பார்த்தால் நீச்சல்கூடத் தெரியாத ஆள். அவன் அருகில் வரும்போதெல்லாம் ஹெட்போனில் ஆற்றுச் சத்தம் அடங்கி, யாரோ மூச்சை எண்ணுவது மட்டும் கேட்கிறது. மைக் கோளாறு என்று குறித்துவைத்திருக்கிறேன்.

கடைசி வளைவில்தான் விஷயமே. வளைவுக்கு அப்பால் அருவி. உங்களில் யாருக்கும் தெரியாது. அவன் முன்னால் போய்த் துடுப்பைத் தலைக்கு மேல் குறுக்கே பிடித்து 'நில்' என்கிறான். நீங்கள் கரை ஒதுங்கினீர்கள். பிறகு பேட்டியில் "டாக்டர்தான் காட்டினார்" என்கிறீர்கள், டாக்டர் "நானா? நெட்டைதானே?" என்கிறார், நெட்டை "சார், நான் கடைசில வந்தேன்" என்கிறான். நான்கு பேருக்கும் உயிர் கொடுத்தவன் யாரென்று ஒருத்தருக்கும் தெரியாது, ஆனா படத்துக்கு மியூசிக் மட்டும் பிரமாதமா வேணும்! இதுல அக்கா டீ கொண்டு வந்தா, கூடவே உங்க பொண்ணு. திரையைக் காட்டி "ஐ, மாமா!" என்றாள். "மாமா இங்க இருக்கேன்டி" என்றேன். "அங்கயும்தான்" என்று சொல்லிவிட்டு பிஸ்கட்டைக் கடித்தாள். அக்கா சிரித்தாள்; நான் சிரிக்கவில்லை.

எனவே மூன்று நாள் உட்கார்ந்து அவனை ஃபிரேம் ஃபிரேமாக அழித்துவிட்டேன். இப்போது நான்கு படகு, நான்கு துடுப்பு, கணக்குச் சரி. அடுத்த மாதம் அதே ஆற்றுக்குப் போகிறோம், ஒலிப்பதிவுக்கு வாடா என்கிறீர்களே, வரமாட்டேன். குளியலறை வாளியிலேயே ஆழம் பார்க்கிறவன் நான். வற்புறுத்த வேண்டாம்.

அக்காவின் விசாரிப்பும், குழந்தையின் பிஸ்கட் ஒட்டிய முத்தமும் இத்துடன். போகிற இடமெல்லாம் கரை உங்களுக்கு எட்டும் தூரத்திலேயே இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மைத்துனன்

பி.கு.: உறையை ஒட்டும் முன் சுத்தமான படத்தை ஒருமுறை ஓடவிட்டேன். கடைசி வளைவில் யாரும் துடுப்பைத் தூக்கவில்லை. உங்கள் ஹெல்மெட் கேமரா நிற்கவில்லை. நேராகப் போகிறது, தண்ணீர் விளிம்பு, வானம், பதினோரு விநாடி, அப்புறம் கருப்பு. நீங்கள் தந்த மூலப் பதிவில் அந்தப் பதினோரு விநாடி கிடையாது, நான்கு முறை சரிபார்த்தேன். சமையலறையில் இருந்த அக்காவிடம் ஓடினேன். "அத்தான் பேசினாரா?" "இப்பதான் பேசினார். ஏன்டா மூஞ்சி இப்படி வெளுத்திருக்கு?" என்றாள். மேசைமேல் நீங்கள் எனக்கு அனுப்பிய பார்சல். மஞ்சள் ஹெல்மெட். பிரித்ததும் உங்கள் பெண் படியில் உருட்டி விரிசல் விட்டாளாம்; அக்கா கருப்பு டேப்பைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டியிருக்கிறாள்.

அவனைத் திரும்பப் போட்டுவிட்டேன். மேலே எழுதியதை அடித்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். நீச்சல் வகுப்பில் சேர்ந்திருக்கிறேன். கூடப் படிப்பவர்கள் எல்லோருக்கும் ஏழு வயது. ஐந்தாவது படகு தயாராக இருக்கட்டும். வளைவில் நான் துடுப்பைக் குறுக்கே பிடித்தால், யாரென்று விசாரித்துக்கொண்டிருக்காமல் நில்லுங்கள்.