பவுண்டு அண்ணாவின் பக்கத்து சீட்

கோயிலுக்குக் கிளம்புமுன் பையிலிருக்கும் சில்லறையை எடுத்து வீட்டு மேசைமேல் வைத்துவிட்டு வருகிற மனிதர் டெக்சாஸ் முழுவதிலும் ஒருவர்தான் இருக்க முடியும். கஞ்சர் என்று நினைத்துவிடாதீர்கள். உண்டியலில் நோட்டாகத்தான் போடுவார். சில்லறைக்கு எடை உண்டு. எடை இருந்தால் கார் மெதுவாகப் போகும். அவ்வளவுதான் விஷயம்.

எதைப் பார்த்தாலும் "இது எத்தனை பவுண்டு இருக்குமுங்க?" என்று கேட்டுக் கேட்டே அவருக்குப் பவுண்டு அண்ணா என்று பெயர் விழுந்துவிட்டது. பிளானோவில் லெகஸி பக்கம் இருந்த எங்கள் அலுவலகத்தில் டேட்டாபேஸ் பார்ப்பவர். சொந்த ஊர் கோயம்புத்தூர். கழுத்தில் தொங்கும் அட்டையில் வேறு ஏதோ பெயர் இருந்தது. அந்த அட்டையையும் காரில் ஏறுமுன் கழற்றி அலுவலக டிராயரில் போட்டுவிடுவார் என்பதால் அதை நாங்கள் மறந்தே போனோம்.

அவரோடு எனக்குப் பழக்கம் ஏற்படக் காரணம் என் மஞ்சள் கார். கிரீன் கார்டு வந்த சந்தோஷத்தில் ஒரு மசில் கார் வாங்கியிருந்தேன். நீளமான மூக்கு, இரண்டே கதவு, சிங்கம் தொண்டையைக் கனைப்பது போலச் சத்தம். அதோடு விட்டேனா? மூக்கிலிருந்து வால்வரை இரண்டு கறுப்புக் கோடு, பின்னால் ஓர் இறக்கை, பானெட்டில் காற்று உள்ளே போவதற்கென்று ஒரு மேடு, நான்கு புகைக்குழாய். எல்லாம் மாட்டிக் கொண்டுவந்த முதல் நாள் பார்க்கிங்கில் ஆறேழு பேர் சுற்றி நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். பவுண்டு அண்ணா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். காரைச் சுற்றி ஒருமுறை நடந்தார். பிறகு பானெட் மேட்டின் ஓட்டைக்குள் விரலை விட்டார். விரல் பாதியில் நின்றுவிட்டது.

"தம்பி, இது அடைச்சிருக்குதுங்களே?"

"அண்ணா, அது டிசைன்."

"செவுத்துல கதவு வரைஞ்சு வெச்ச மாதிரிங்க. காத்து பாவம், உள்ள போலாம்னு வந்து முட்டிக்கும்."

என்னை எஞ்சினை ஓட விடச் சொன்னார். குனிந்து, நான்கு குழாய்களுக்கும் பின்னால் மாறி மாறி உள்ளங்கையைக் காட்டினார். டாக்டர் போல முகத்தை வைத்துக்கொண்டு எழுந்தார்.

"இது ரெண்டும் மூச்சு விடுது. இது ரெண்டும் சும்மா வாயைத் தொறந்துட்டு நிக்குது. மீட்டிங்ல நம்ம மேனேஜர் மாதிரி."

கூட்டத்தில் மேனேஜரும் நின்றிருந்தார். நல்லவேளை, அவருக்குத் தமிழ் தெரியாது. எல்லோரும் சிரித்ததைப் பார்த்து அவரும் சிரித்தார்.

கடைசியாக இறக்கையைத் தட்டிப் பார்த்து, "இதுல வேட்டி காயப் போடலாமுங்க. ரெண்டு வேட்டி தாங்கும்" என்று சான்றிதழ் கொடுத்துவிட்டுப் போனார். அன்று சாயங்காலம் அந்தக் காரை ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போக எனக்கே கூச்சமாக இருந்தது.

அவருடைய காரும் மசில் கார்தான். ஆனால் அதை யாரும் போட்டோ எடுக்க மாட்டார்கள். ஒரு ஆலங்கட்டி மழையில் மாட்டி உடம்பெல்லாம் குழி விழுந்த சாம்பல் நிறக் காரை மலிவாக வாங்கி, அந்தக் குழிகளை அப்படியே விட்டிருந்தார்.

"அண்ணா, கோல்ஃப் பந்து மாதிரி இருக்கு" என்றேன், பழிவாங்கும் எண்ணத்தோடு.

"கோல்ஃப் பந்துல எதுக்குக் குழி வெக்கறாங்க? தூரமாப் போகத்தானுங்களே?"



கண்ணுக்குத் தெரிகிற எதிலும் காசைப் போடக்கூடாது என்பது அவர் கொள்கை. போட்டதெல்லாம் பானெட்டுக்கு அடியில்தான். காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் திணிக்கிற சூப்பர்சார்ஜரை வாங்கி, இரண்டு மாதம் கராஜில் படுத்து அவரே மாட்டினார். அடுத்து எடைக் குறைப்பு ஆரம்பித்தது. ஸ்டெப்னி போனது. தரைக் கம்பளம் போனது. பின் சீட் போனது. ஒரு ஜூலை மாதம் ஏசியும் போனது. பிளானோவில் ஜூலை மாதம் ஏசி இல்லாமல் கார் ஓட்டுவது, தோசைக்கல்லில் உட்கார்ந்து ஊர்வலம் போவதற்குச் சமம். தினமும் தெப்பமாக நனைந்து வந்து அலுவலகத்தில் வைத்திருக்கும் சட்டையை மாற்றிக்கொள்வார். "மாத்துச் சட்டையை கார்லயே வெச்சுக்கலாமே?" என்று கேட்டால், நான் ஏதோ கெட்ட வார்த்தை சொன்னதுபோலப் பார்ப்பார்.

ஒருநாள் இந்தியக் கடை வாசலில் அவரும் அவர் மனைவி சாந்தி அக்காவும் நின்றிருந்தார்கள். நடுவில் இருபது பவுண்டு அரிசி மூட்டை. அக்காவின் வேன் சர்வீசுக்குப் போயிருந்ததால் இவர் காரில் வந்திருந்தார்கள். என்னைக் கண்டதும் அண்ணாவின் முகம் மலர்ந்தது.

"தம்பி, உங்க வண்டி எப்படியும் மெதுவாத்தான் போகும். இதைக் கொஞ்சம் போட்டுக்கறீங்களா?"

அரிசி என் காரில் போனது. துவரம்பருப்பை மடியில் வைத்துக்கொள்ளும் உரிமைக்காக அக்கா கடை வாசலிலேயே போராட வேண்டியிருந்தது.

இவ்வளவு கேலி செய்த மனிதர், ஒருநாள் பார்க்கிங்கில் நான் காரை நிறுத்தும்போது ஓடி வந்து ஜன்னலைத் தட்டினார். "பிரேக் சத்தம் சரியில்லீங்க. ஞாயித்துக்கெழமை வீட்டுக்கு வாங்க" என்றார். போனேன். வெயிலில் குப்புறப் படுத்து நான்கு சக்கரத்துக்கும் பிரேக் பேட் மாற்றினார். "வேகமாப் போறது அப்புறமுங்க. முதல்ல நிக்கணும்" என்றார். அன்று கோடுகளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. கிளம்பும்போது மட்டும் இறக்கையைப் பார்த்து லேசாகப் பெருமூச்சு விட்டார்.

அவருக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. எங்கள் ஊரிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில் கால் மைல் பந்தயப் பாதை ஒன்று உண்டு. யாரும் தங்கள் காரைக் கொண்டுபோய் ஓட்டி நேரம் பார்க்கலாம். அந்தக் கால் மைலைப் பன்னிரண்டு விநாடிக்குள் கடக்க வேண்டும் என்பது அவர் கனவு. ஒவ்வொரு முறையும் பன்னிரண்டும் சொச்சமும் வரும். அந்தச் சொச்சத்தைக் கரைக்கத்தான் கம்பளமும் ஏசியும் போனது. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, டிரைவருக்குப் பக்கத்து சீட்டையும் கழற்றி கராஜில் வைத்துவிட்டார்.

சாந்தி அக்கா அதுவரை அவர் எதைக் கழற்றியபோதும் வாய் திறந்ததில்லை. அன்று திறந்தார். நானும் என் மனைவி ரம்யாவும் அந்த வீட்டில் காப்பி குடித்துக்கொண்டிருந்தோம்.

"ஏனுங்க, பின் சீட்டைக் கழட்டுனீங்க, சரின்னேன். ஏசியைக் கழட்டுனீங்க, சரின்னேன். இப்ப நான் எங்கீங்க உக்கார்றது?"

"உனக்குத்தான் வேன் இருக்குதில்ல சாந்தி?"

"கோயிலுக்கு ரெண்டு வண்டியில போறோம். கல்யாண வீட்டுக்கு ரெண்டு வண்டியில போறோம். பார்க்கறவங்க நமக்குள்ள சண்டைன்னு நினைச்சுட்டிருக்காங்க. அந்தக் கார்ல நானும் ஒரு வெயிட்டாப் போயிட்டேனுங்களா?"

ரம்யா என் கையிலிருந்த பிஸ்கட்டை வாங்கித் தட்டில் வைத்தாள். கடிக்கிற சத்தம்கூட அப்போது அதிகமாகத் தோன்றியது.

கடைசியில் ஓர் ஒப்பந்தம் ஆனது. இன்னும் ஒரே ஒரு சனிக்கிழமை. பன்னிரண்டுக்குள் வந்துவிட்டால் ஆசை தீர்ந்தது, சீட்டைத் திரும்ப மாட்டிவிட வேண்டும். வராவிட்டால் காரையே விற்றுவிட வேண்டும். அண்ணா தலையாட்டினார். அந்த வாரம் முழுக்க அலுவலகத்தில் யாரிடமும் எடை கேட்கவில்லை. பாட்டரியைப் பானெட்டுக்கு அடியிலிருந்து எடுத்துப் பின்னால் டிக்கிக்குள் வைத்தார். எடை பின்பக்கம் போனால் பின்சக்கரம் வழுக்காதாம்.

சனிக்கிழமை காலை அவர் தன் காரில் தனியாகப் போக, நான் சாந்தி அக்காவோடு வேனில் போனேன். வழி முழுக்க அக்கா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி சஷ்டி கவசம் சொல்லிக்கொண்டே வந்தார். அண்ணா ஜெயிப்பதற்கா, தோற்பதற்கா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

பந்தயப் பாதைக்குள் விடுமுன் ஒவ்வொரு காரையும் சோதிப்பார்கள். கௌபாய் தொப்பி வைத்த பெரியவர் ஒருவர் அண்ணாவின் காரை முன்னும் பின்னும் பார்த்தார். பாட்டரி டிக்கியில் இருந்தால், விபத்து நேரத்தில் வெளியிலிருந்தே மின்சாரத்தை அணைக்க ஒரு சுவிட்ச் வேண்டும். அண்ணா பம்பருக்கு மேலே அழகாக வைத்திருந்தார். பெரியவர் அதைக் காட்டி, எந்தப் பக்கம் திருப்பினால் அணையும், 'ஆஃப்' என்று எழுதியே இல்லையே என்று ஆங்கிலத்தில் கேட்டார். ஓடி வந்து காப்பாற்றுகிறவனுக்கு அது தெரிய வேண்டும். எழுத்து இல்லாமல் விட முடியாது என்றார்.

வாழ்நாளில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டாத மனிதர் ஒரு ஸ்டிக்கர் இல்லாமல் வாசலில் நின்றார்.

"சார், அது வெறும் அலங்காரம்தானே?" என்று ஆங்கிலத்தில் கெஞ்சினார் அண்ணா.

"அப்படியானால் ஒட்டுவதில் உனக்கு நஷ்டமில்லையே" என்றார் பெரியவர்.

அங்கிருந்த கடையில் ஸ்டிக்கர் தீர்ந்திருந்தது. நான் இரவல் வாங்கி வந்த மார்க்கர் பேனா, காரில் படிந்திருந்த எண்ணெய் அழுக்கில் சரியாக எழுதவில்லை. எழுதிய கொஞ்சமும் விரல் பட்டால் அழிந்தது. சோதனை முடியப்போவதாக ஒலிபெருக்கியில் சொன்னார்கள். அண்ணா காரின் மேல் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். கழற்றிப் போட்டதெல்லாம் அவர் கண்முன் வந்திருக்கும்.

சாந்தி அக்கா கைப்பையைத் திறந்தார். பிரிக்காத ஸ்டிக்கர் பொட்டு அட்டை ஒன்றை எடுத்தார். துப்பட்டாவால் பம்பர் மேலே அழுத்தித் துடைத்தார். குனிந்து ஒவ்வொன்றாக ஒட்ட ஆரம்பித்தார்.

"அக்கா, தமிழ்ல வேணாம், இங்கிலீஷ்ல" என்றேன். 'ஆ'வின் சுழி பாதி ஆகியிருந்தது. பிய்த்துவிட்டு மறுபடி ஒட்டினார். பெரிய வட்டம் ஒன்று, இரண்டு எஃப், கீழே ஓர் அம்புக்குறி. மெரூன் நிறம். நடுநடுவே கல் வைத்த பொட்டு வேறு.

அண்ணா வாயைத் திறந்தார். எத்தனை பவுண்டு என்று கேட்கத்தான். அக்கா நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தார். அண்ணா திறந்த வாயை மூடிக்கொண்டார்.

பெரியவர் கண்ணாடியை மூக்கில் இறக்கி, வெயிலில் மின்னும் எழுத்துகளை ஒருமுறை தொட்டுப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் இவ்வளவு அழகான 'ஆஃப்' பார்த்ததில்லை அம்மா என்று தொப்பியைத் தொட்டுவிட்டு, உள்ளே போகக் கையைக் காட்டினார்.

நாங்கள் கம்பி வேலி ஓரம் நின்றோம். பச்சை விளக்கு விழுந்தது. சாம்பல் கார் ஒரு கணம் குந்தி, பிறகு பாய்ந்தது. பக்கத்துப் பாதையில் வந்த பளபளக்கும் சிவப்புக் கார் என்ன ஆனது என்று நான் பார்க்கவில்லை. பார்க்க மாட்டேன் என்று முகத்தைத் திருப்பியிருந்த அக்கா வேலியைப் பிடித்து உலுக்கிக்கொண்டு, "போங்க! போங்க! போங்க!" என்று கத்தினார். அந்தக் கத்தலிலும் மரியாதை குறையவில்லை.

பலகையில் நேரம் எரிந்தது. பதினொன்று புள்ளி ஒன்பது ஏழு.

அண்ணா திரும்பி வந்து ஹெல்மெட்டைக் கழற்றினார். நான்தான் கட்டிப்பிடித்துக்கொண்டேன். அக்கா நேராக வேனுக்குப் போய்ப் பின்கதவைத் தூக்கினார்.

உள்ளே, பழைய போர்வை ஒன்றில் சுற்றி, அந்த சீட் இருந்தது. போல்ட்டுகள் ஒரு டப்பாவில்.

"அக்கா, அண்ணா தோத்திருந்தா?" என்றேன்.

"அவரு தோக்க மாட்டாருங்க தம்பி. அது எனக்கு எப்பவோ தெரியும். அவருக்குத்தான் தெரியலை."

அண்ணா அந்தத் தார்த் தரையிலேயே முட்டி போட்டு சீட்டை மாட்டினார். மாட்டியதும் இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பார்த்தார். பிரேக் பேட் மாற்றிய அன்றைக்குக்கூட அவ்வளவு கவனமாகச் சரி பார்க்கவில்லை. அக்கா புடவைக் கடையில் உட்காருவதுபோல நிதானமாக உட்கார்ந்து பெல்ட் போட்டுக்கொண்டார்.

வேனை நான் ஓட்டிக்கொண்டு பின்னால் வந்தேன். இந்த ஊரிலேயே வேகமான காரை வைத்திருந்த மனிதர் டோல்வே நெடுஞ்சாலையில், மெதுவாகப் போகிறவர்களுக்கான வலது ஓரத்தில் அறுபது மைல் வேகத்தில் போனார். லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டு தாண்டின. அவர் அசையவில்லை. முன்னால் இரண்டு தலைகள் ஒன்றை நோக்கி ஒன்று சாய்ந்து சாய்ந்து ஏதோ பேசிக்கொண்டே போயின.

"வழியெல்லாம் என்னக்கா பேசினீங்க?" என்று பிறகு கேட்டேன்.

"அந்தச் சத்தத்துல ஒண்ணுமே கேக்கலீங்க தம்பி. ஆனா ரெண்டு பேரும் பேசிட்டேதான் வந்தோம்."

அடுத்த வருஷம் அவருக்கு நியூ ஜெர்சியில் வேலை கிடைத்து வெஸ்ட் வின்ட்சர் போய்விட்டார்கள். கார் லாரியில் ஏறிப் போனது. அங்கே பிரின்ஸ்டன் ஜங்ஷனிலிருந்து ரயிலில் வேலைக்குப் போகிறார். "எத்தனை டன் இரும்புங்க தம்பி! இதைப் போயி வேகம்னு சொல்றாங்க" என்று ரயிலைப் பற்றி வருத்தப்படுகிறார். ஞாயிற்றுக்கிழமைதோறும் அவரிடமிருந்து போன் வரும். நலமா என்று அவர் கேட்டதே இல்லை. கேட்பது ஒன்றுதான்.

"வண்டி எப்படிங்க ஓடுது?"

"சூப்பரா ஓடுதுண்ணா" என்பேன். பிரேக்கைப் பற்றிக் கேட்பார், சொல்வேன். ஆயில் மாற்றினீர்களா என்பார், மாற்றிவிட்டேன் என்பேன். அரைமணி நேரம் இப்படியே போகும்.

மஞ்சள் காரை விற்று ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. இப்போது இருப்பது சத்தமே போடாத ஒரு மின்சாரக் கார்.

"ஏன் இன்னும் அவர்கிட்ட சொல்லலை?" என்று போன வாரம் ரம்யா கேட்டாள்.

"சொல்லிட்டா, அப்புறம் அவர் எதைக் கேக்க போன் பண்ணுவார்?" என்றேன்.