ஏரிக்கரையில் நாற்பத்தொரு பேர்

இவானா அன்று வேலையிலிருந்து ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டாள். சமையலறை மேசை முழுக்க வரைபடத்தை விரித்துவைத்து, பென்சிலும் கையுமாகக் குனிந்திருந்த ஓரெஸ்தேவுக்கு அதை மடிக்க நேரம் கிடைக்கவில்லை.

"என்னப்பா இது?"

"மேப்பு."

"அது தெரியுது. எங்க போறதுக்கு?"

ஓரெஸ்தேவுக்கு அறுபத்தொன்பது வயது. கிரெமோனா பக்கத்துச் சமவெளியில் முப்பத்தேழு வருடம் பாசனக் கால்வாய் மதகுகளைத் திறந்து மூடி ஓய்வு பெற்றவர். தலையணை உயரத்துக்குக்கூட மேடு இல்லாத ஊர் அது. மனைவி இறந்து ஆறு வருடமாகிறது. மகள் இவானாவுக்கு நாற்பத்திரண்டு வயது, கல்யாணம் ஆகவில்லை. பல் மருத்துவர் ஒருவரிடம் வரவேற்பில் வேலை. வீட்டில் அப்பாவின் உப்பு, சர்க்கரை, தூக்கம் மூன்றும் அவள் பொறுப்பு.

வரைபடத்தில் பென்சில் கோடு காட்டியது இரண்டு நாள் பயணம். முதல் நாள் லாங்கே குன்றுகள். திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து போகிற சின்ன ரோடாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்திருந்தார். இரண்டாம் நாள் ஓர்தா ஏரி. காரில் இரண்டே பேர். இரண்டாவது ஆள் வில்மா, சந்தைத் தெருவில் பொத்தானும் நூலும் விற்கும் கடைக்காரம்மா. வியாழக்கிழமைதோறும் இருவரும் சேர்ந்து காப்பி குடிப்பது வழக்கம். ஏரிக்கரையில் வைத்து, மீதி நாளையும் சேர்ந்தே கழிக்கலாமா என்று வில்மாவிடம் கேட்டுவிடுவதாக இருந்தார் ஓரெஸ்தே. இதை மகளிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் எட்டு மாதமாக அவருக்குப் பிடிபடவில்லை.

"பங்குக் கோயில்ல டூர் போறாங்க," என்றார்.

"நம்ம சாமியாரா போடுறாரு?"

"ஆமா. மலை, ஏரி எல்லாம்."

இவானா பென்சில் கோட்டின் மேல் விரலை ஓட்டினாள். "நல்லது. ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் அவர்கிட்டயே நேரம் கேட்டுக்கறேன். உங்க மாத்திரை விஷயமும் சொல்லணும்."

மறுநாள் காலையிலேயே ஓரெஸ்தே கோயிலுக்குப் போய்ப் பாவசங்கீர்த்தனக் கூண்டில் முழந்தாளிட்டார். அங்கே சொன்னதைச் சாமியார் வெளியே சொல்லக்கூடாது என்பதை யோசித்துத்தான் போயிருந்தார்.

"சாமி, ஒரு பொய் சொல்லிட்டேன். அதுல நீங்களும் இருக்கீங்க."

வலைத்தட்டிக்கு அந்தப் பக்கம் சில்வானோ சாமியார் இருமினார். ஓரெஸ்தே முழுக்கதையையும் சொன்னார்.

"ஞாயித்துக்கிழமை அவ கேட்டா நீங்க தலையாட்டுனாப் போதும்."

"பாவத்தைச் சொல்ல வந்த எடத்துல என்னையும் பாவம் பண்ணச் சொல்றியே ஓரெஸ்தே."

"வேற வழி தெரியல சாமி."

"டூர் நெஜமா இருந்தா அது பொய் ஆகாதே. கதவுல ஒரு தாள் ஒட்டறேன். பொறுப்பு ஓரெஸ்தேன்னு போடறேன். நம்ம ஊர்ல யாரு வரப்போறா? ஒரு வாரம் பாத்துட்டு, ஆள் சேரலைன்னு கிழிச்சிடுவோம். பேர் குடுத்தவங்க மட்டும் கார்ல போறோம்னு உன் பொண்ணுகிட்ட சொல்லிக்கோ."

சாமியாரின் மூளையை எண்ணி வியந்தபடி ஓரெஸ்தே வீடு திரும்பினார்.

அன்று சாயங்காலமே தாளில் பதினொரு பேர் எழுதியிருந்தார்கள். முதல் பெயர் இவானாவுடையது.

"நீ எதுக்கு?" என்றார் ஓரெஸ்தே.

"உங்களைத் தனியா விட்டா உப்புல குளிப்பீங்க."

கூட்டத்தைக் கலைக்க வேண்டும். பேருந்து காலை நாலரை மணிக்குக் கிளம்பும் என்று தாளின் அடியில் எழுதிவைத்தார். அந்த ஊரில் அறுபதைத் தாண்டியவர்கள் நாலு மணிக்கு மேல் தூங்குவதில்லை என்பது அவருக்கு அப்போது நினைவுக்கு வரவில்லை. சீக்கிரம் கிளம்புகிறார்கள், ஒழுங்கான ஏற்பாடு என்று மேலும் எட்டுப் பேர் சேர்ந்தார்கள்.

மதியச் சாப்பாடு கிடையாது, அவரவர் பாடு என்று அடுத்து எழுதினார். ரொட்டிக்கடை அர்மிதா கோயில் வாசலிலேயே அவரை மடக்கினார்.

"சாப்பாட்டை எங்ககிட்ட விட்டுடுங்க. ஓட்டல்ல தின்னணுமேன்னு பயந்துதான் பல பேரு யோசிச்சிட்டிருந்தாங்க."

முப்பத்தொன்று.

கடைசியாக, வழி முழுக்கச் செபமாலை, ஓர்தாவில் புனித மலை உச்சி வரை நடை என்று எழுதினார். எப்படிப்பட்டவரும் பின்வாங்குவார் என்றுதான் நினைத்தார். ஊரில் இரண்டு செபக் குழுக்கள் உண்டு. நான்கு வருடமாக ஒருவரோடொருவர் பேசுவதில்லை. முதல் குழு வருகிறது என்று கேள்விப்பட்டு இரண்டாவது குழுவும், இரண்டாவது வருவதால் முதல் குழுவில் மிச்சமிருந்தவர்களும் பெயர் கொடுத்தார்கள். கடைசியில் சாமியாரும் கையெழுத்துப் போட்டார்.

"இவ்வளவு பேரு போறப்ப நான் வராம இருந்தா நல்லாவா இருக்கும்?" என்றார்.

நாற்பது பேர். பயணம் இப்படி ஆகிப்போனதை இந்த அமளியில் ஓரெஸ்தே வில்மாவிடம் சொல்லியிருக்கவில்லை. கடைக்குப் போனபோது வில்மா பொத்தான்களை நிறம்வாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"நாம ரெண்டு பேரு கார்ல போறோம்னு சொன்னீங்க."

"சொன்னேன்."

"கோயில் கதவுல நாப்பது பேரு இருக்கு."

"அதுல ஒரு சின்னச் சிக்கல் ஆயிப்போச்சு."

"எனக்கு எடம் இருக்கா?"

"ஒண்ணே ஒண்ணு இருக்கு. கடைசி வரிசை. கக்கூஸ் பக்கத்துல."

வில்மா ஒரு நீலப் பொத்தானை வெள்ளை டப்பாவில் போட்டார். பிறகு அதை எடுத்து நீல டப்பாவில் போட்டார்.

"எழுதிக்கோங்க," என்றார்.

பேருந்து சொன்னபடி நாலரைக்குக் கிளம்பியது. முன்சீட்டில் ஓரெஸ்தே. அவர் கையில் பட்டியலையும் மைக்கையும் கொடுத்துவிட்டார்கள். வில்மாவுக்கும் அவருக்கும் நடுவே பதினொரு வரிசை. முதல் குழு செபமாலையை ஆரம்பித்தால் இரண்டாவது குழு பாதியில் வேறு பாட்டை எடுத்தது. ஓட்டுநர் துல்லியோ மட்டும் எதற்கும் முகம் சுளிக்காமல் ஓட்டினார்.

லாங்கேயில் ஓரெஸ்தே பென்சிலால் கோடிழுத்த அந்தச் சின்ன ரோடு காருக்கானது. மூன்றாவது வளைவில் பேருந்து மாட்டிக்கொண்டு, அரை கிலோமீட்டர் பின்பக்கமாகவே இறங்க வேண்டியதாயிற்று. அந்த அரை கிலோமீட்டரில்தான் இரண்டு குழுவினரும் முதன்முறையாக ஒரே செபத்தைச் சேர்ந்து சொன்னார்கள். வில்மாவோடு உட்கார்ந்து ஆளுக்கொரு கிண்ணம் திராட்சை மது குடிக்கலாம் என்று அவர் குறித்து வைத்திருந்த மேட்டில், அர்மிதா நாற்பத்தொரு பேருக்கும் கீரை அடை வெட்டிக் கொடுத்தார். உப்பில்லாத துண்டு ஒன்றைத் தனியாகத் தாளில் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள் இவானா.

வாழ்நாள் முழுக்கச் சமவெளியை மட்டும் பார்த்த மனிதருக்கு எதிரே, மஞ்சளும் சிவப்புமாகக் குன்றுகள் அடுக்கடுக்காகப் போய்க்கொண்டிருந்தன. அவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை. தலைகளை எண்ணிக்கொண்டிருந்தார். ராத்தங்கல் கன்னியாஸ்திரீகள் மடம் ஒன்றில். ஆண்கள் மாடியில், பெண்கள் கீழே.

மறுநாள் புனித மலையில் ஏறி இறங்கி ஏரிக்கரைக்கு வந்தபோது ஓரெஸ்தேவுக்குத் தொண்டை கட்டிவிட்டது. ஏரி நடுவில் இருக்கிற தீவுக்கு எல்லோரையும் கூட்டிப் போக மூன்று படகுகள் நின்றன. அவர் பட்டியலை எடுத்தார். இவானா அதைப் பிடுங்கிக்கொண்டாள்.

"உங்களுக்குப் படகு ஒத்துக்காது. இங்கயே உக்காருங்க."

"எனக்கு எப்ப ஒத்துக்காம போச்சு?"

"நான் சொன்னாச் சொன்னதுதான்." இவானா திரும்பினாள். "வில்மாம்மா, உங்களுக்கும் முகம் வெளுத்திருக்கு. நீங்களும் இருங்க."

"எனக்கு ஒண்ணுமில்லையே," என்றார் வில்மா.

"நல்லா வெளுத்திருக்கு," என்று சொல்லிவிட்டு, சாமியார் உட்பட மிச்சப் பேரைப் படகுகளில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள்.

கரையில் ஒரு பெஞ்சு. தண்ணீர் அசையாமல் கிடந்தது. ஓரெஸ்தே மூன்று வாரமாக மனப்பாடம் செய்திருந்த வாக்கியம் பெரியது. அதைச் சொல்லக் குரல் போதாது.

"வில்மா, ரெண்டு பேரும் ஒரே வீட்ல இருந்தா என்ன?"

வில்மா அவர் பக்கம் திரும்பினார். "நேத்து அந்த மேட்டு மேல கேப்பீங்கன்னு நெனச்சேன். பஸ்ஸு பின்னால போனப்ப, சாகறதுக்கு முன்னாடியாவது கேப்பீங்கன்னு நெனச்சேன். நீங்க மைக்கை விடற மாதிரி தெரியல."

"அப்ப சரியா?"

"சரிதான்." அவர் கையுறையைக் கழற்றி, ஓரெஸ்தேவின் கைமேல் கையை வைத்தார். "உங்க பொண்ணுகிட்ட எப்படிச் சொல்லப்போறீங்க?"

வில்மா இரண்டு காப்பி வாங்கிவர எழுந்து போனார். சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல் ஓரெஸ்தே பேருந்துப் பக்கம் நடந்தார். துல்லியோ மரநிழலில் உட்கார்ந்து அர்மிதாவின் அடையைத் தின்றுகொண்டிருந்தார்.

"இப்பத்தாண்ணே உங்க முகம் தெளிஞ்சிருக்கு," என்றார் துல்லியோ. "வீட்ல என்ன சொல்லிட்டு ஆரம்பிச்சீங்க?"

"கோயில் டூர்னு." ஓரெஸ்தேவுக்குச் சொன்ன பிறகுதான் உறைத்தது. "எதுக்குக் கேக்கறே?"

"பதினெட்டு வருஷமா இந்தக் கோயிலுக்கு வண்டி ஓட்டறேன். சாமியாரு தானா ஒரு டூரும் போட்டதில்ல. எல்லாம் யாராவது வீட்ல ஒண்ணு சொல்லி மாட்டிக்கிட்டதுதான். பதுவா போனது, மருந்துக்கடைக்காரரு பொண்டாட்டிகிட்ட சொன்னது."

ஓரெஸ்தேவுக்குக் கோபம் வந்துவிட்டது. "எல்லாத்தையும் அப்படிச் சொல்லாதே. மூணு வருஷம் முன்னாடி அசிசி போனாங்களே, அது சுத்தமான யாத்திரை. என் பொண்ணே போயிட்டு வந்தா."

துல்லியோ வாயைத் துடைத்துக்கொண்டார்.

"அசிசி, உங்க பொண்ணு உங்ககிட்ட சொன்னதுதாண்ணே."