பச்சை மை கறுத்தது தொடர்பாக

அருப்புக்கோட்டை,
ஞாயிற்றுக்கிழமை.

மரியாதைக்குரிய மாப்பிள்ளை சந்தனம் அவர்களுக்கு, மாமனார் சங்கையா வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும், உங்கள் அத்தை தங்கலட்சுமியும், உங்கள் மைத்துனன் மாரிக்கண்ணனும் நலம். நலம் என்று எழுதியதில் ஒரு சிறு திருத்தம் தேவைப்படுகிறது, அதைக் கீழே விவரித்திருக்கிறேன். ஜெர்மனியில் தாங்களும் மகள் ரேணுகாதேவியும் குளிர் தாங்கி நலமாக இருக்க வேண்டும் என்று இங்குள்ள சாமிகளிடம் வேண்டிக்கொண்டிருக்கிறேன். இந்தப் பக்கத்துச் சாமிகளுக்குக் குளிர் பழக்கமில்லை. இருந்தாலும் முயற்சி செய்வார்கள் என்று நம்புகிறேன்.

இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நான் என்ன பேசிவிடுவேன் என்பதில் எனக்கே நம்பிக்கை போய்விட்டது. இந்தக் கடிதத்தைச் சாதாரணப் பால்பாயிண்ட் பேனாவில் எழுதுவதற்கும் மன்னிக்க வேண்டும். சொல்ல வந்தது ஒன்றுதான். தாங்கள் எனக்கு அன்போடு அனுப்பிய கரும்பச்சை மையில் இன்னொரு புட்டி வாங்கி வைத்திருப்பதாக ரேணுகா சொன்னாள். தயவுசெய்து அதை அனுப்ப வேண்டாம். இந்த ஒரு வரியோடு கடிதத்தை முடித்தால் மாமனாருக்கு மரியாதை தெரியவில்லை என்று தங்களுக்குப் படக்கூடும். அந்த மையால் மாரிக்கண்ணன் கல்யாணம் நின்றுபோகும் நிலைக்கு வந்துவிட்டது என்பதால், காரணத்தை முறையாக எழுதிவிடுகிறேன்.

தங்களுக்குத் தெரியும், அரசு அலுவலகத்தில் வேலை பார்த்த காலம் முழுவதும் நீல மையில் எழுதியவன் நான். பச்சை மை அதிகாரிகளுக்கு உரியது. நான் வைத்த கோப்பின் ஓரத்தில் பச்சையில் 'பேசவும்' என்று ஒரு சொல் விழுந்தால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது. ஓய்வு பெற்ற பிறகு ஒரு நாளாவது பச்சையில் எழுதிப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டது உண்மை; அதை ரேணுகாவிடம் வாய்தவறிச் சொன்னதும் உண்மை. புட்டியும் பேனாவும் வந்த அன்று வாசல் கதவைச் சாத்திக்கொண்டுதான் திறந்தேன். யாராவது உள்ளே வந்து, இந்த அதிகாரம் உமக்கு யார் கொடுத்தது என்று கேட்டால் காட்டுவதற்கு என்னிடம் உத்தரவு எதுவும் இல்லை. முதலில் மளிகைச் சீட்டு எழுதினேன். துவரம்பருப்பு என்று பச்சையில் எழுதியபோது, அந்தப் பருப்பை நானே அனுமதித்தது போல இருந்தது. மாப்பிள்ளை, அந்த ஒரு நாள் சந்தோஷத்துக்கு நான் என்றும் தங்களுக்குக் கடமைப்பட்டவன்.

பெட்டிக்குள் இருந்த விளக்கத் தாள் ஜெர்மன் மொழியில் இருந்தது. ரேணுகா போனில் சொன்னாள்: இது இரும்பு உப்புக் கலந்த பழைய கால முறை மை, தண்ணீர் பட்டாலும் அழியாது, பேனாவுக்குள் காயவிட்டால் அடைத்துக்கொள்ளும், நிப்பை அரித்துவிடும், வாரம் ஒரு முறை கழுவ வேண்டும் என்று. நான் அப்படியே செய்தேன். வெள்ளிக்கிழமை காலையில் நிப்பைக் கழற்றி ஒரு டம்ளர் தண்ணீரில் ஊறவைப்பேன். தங்கலட்சுமி அதை எனக்குச் சர்க்கரைக்கு யாரோ சொன்ன பச்சிலைச் சாறு என்று நினைத்து, பத்திரமாகத் தட்டுப் போட்டு மூடி வைத்திருந்து, நான் குடிக்கவில்லை என்று ஒரு பகல் முழுக்கப் பேசினாள். வேட்டியில் ஒரு சொட்டு விழுந்தது. பிளீச்சிங் பவுடர் போட்டுத் துவைத்ததில் பச்சை போய் அந்த இடத்தில் துரு நிறம் வந்தது. எதிர்வீட்டுச் சாயப்பட்டறைக்காரர் அந்த வேட்டியைக் கொடியில் பார்த்துவிட்டு, இந்தக் கறை நிற்கிற மாதிரி எங்கள் சாயம் நின்றிருந்தால் நான் மதுரையில் வீடு கட்டியிருப்பேன் என்று பெருமூச்சு விட்டார். இவையெல்லாம் சிறு விஷயங்கள். தங்களிடம் சொல்லவே கூடாது என்று இருந்தேன், சொல்லிவிட்டேன்.

பெரிய விஷயம் இது. சாயங்காலம் பச்சையாக நான் எழுதியது காலையில் பார்த்தால் கறுப்பாகத் தெரிந்தது. மை நிறம் மாறும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ரேணுகா அதைச் சொல்லவில்லையா, சொல்லி நான் கவனிக்கவில்லையா என்று இன்றுவரை தெளிவில்லை. நான் கவனிக்காமல் விட்டிருக்கவே வாய்ப்பு அதிகம். தப்பு என்று ஒன்று நடந்தால் அது என் மேஜையில்தான் இருக்கும் என்று எண்ணியே வேலை பார்த்துப் பழகியவன். ஆகவே என் கண் கெட்டுவிட்டது என்று முடிவு செய்தேன். வாசல் வேப்பமரத்தைப் பார்த்தேன், பச்சையாக இருந்தது. கீரைக்காரி கூடையைப் பார்த்தேன், அதுவும் பச்சை. எழுத்துக்கு மட்டும் வருகிற ஏதோ வியாதி என்று பயந்து, வீட்டில் வேறு காரணம் சொல்லிவிட்டு மதுரைக்குப் பஸ் ஏறிக் கண் டாக்டரிடம் காட்டினேன். அவர் எல்லா நிறத்தையும் காட்டிக் கேட்டார், எல்லாம் சரியாகச் சொன்னேன், பிறகு எதுக்கு அய்யா வந்தீங்க என்று கேட்டார், அதற்கு மட்டும் சரியாகச் சொல்ல முடியவில்லை. சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். இதை யாரிடமும் சொல்லவில்லை. மாரிக்கண்ணனுக்குப் பெண் பேசிக்கொண்டிருக்கும் நேரம், கண் நோய் உள்ள குடும்பம் என்று பெண் வீட்டார் காதில் விழுந்தால் என்ன ஆவது.

பெண் ஜெகதீஸ்வரியைத் தாங்கள் போட்டோவில் பார்த்திருப்பீர்கள். திருச்சுழிக்கு அந்தப் பக்கம், மானாவாரி நிலம் உள்ள குடும்பம். தகப்பனார் ராமசுப்பு தங்கமான மனிதர், ஆனால் மழை வருமா என்று பார்ப்பதற்குக்கூட வானத்துக்கு முன்னால் தன் அக்காவின் முகத்தைப் பார்ப்பவர். அந்த அக்கா ராக்கம்மாள்தான் அந்த வீட்டில் கடைசி வார்த்தை. நிச்சயத்தன்று அவர்கள் வழக்கப்படி முகூர்த்த ஓலை எழுத வேண்டும். இப்போது வெள்ளைத் தாளில், நாலு மூலையில் மஞ்சள் தடவி எழுதினாலும் பெயர் ஓலைதான். ஒரே வாசகத்தில் இரண்டு எழுதி, வாசித்து, வீட்டுக்கு ஒன்றாக மாற்றிக்கொள்ள வேண்டும். கையெழுத்து நன்றாக இருக்கும் என்று என்னை எழுதச் சொன்னார்கள். கறுப்பு எழுத்து இழவுக் கடிதத்துக்கு உரியது என்பதால், ராக்கம்மாள் அம்மாள் முன்கூட்டியே, கறுப்பு மை இல்லையே தம்பி என்று கேட்டார்கள். பச்சைங்கம்மா என்று பேனாவைத் திறந்து காட்டினேன். அந்தக் காட்டில் பச்சை என்பது எல்லா வருஷமும் காணக்கிடைக்கிற நிறம் இல்லை. தாளை ஆளுக்கு ஆள் வாங்கிப் பார்த்துச் சந்தோஷப்பட்டார்கள். ஓலையை மடித்துச் சாமி படத்துக்குக் கீழே வைத்தார்கள்.

மறுநாள் காலையில் ராமசுப்பு சம்பந்தி போன் செய்தார்.

"சம்மந்தி, தப்பா நெனைக்காதீக. ஓல கருத்துப் போச்சு. எழுத்தெல்லாம் கருகருன்னு கெடக்கு. அக்கா பாத்துட்டு அப்படியே ஒக்காந்துட்டாக."

மாப்பிள்ளை, அந்த நேரத்தில் எனக்குக் கல்யாணமும் நினைவில் இல்லை, சகுனமும் நினைவில் இல்லை. என் கண் கெடவில்லை என்பது ஒன்றுதான் மண்டைக்குள் ஓடியது.

"உங்களுக்கும் கறுப்பாத்தான் தெரியுதா? ரொம்ப சந்தோசம் சம்மந்தி. இப்பத்தான் எனக்கு மனசு நெறஞ்சுது" என்று சொல்லிவிட்டேன்.

அவர் ஸ்பீக்கரில் போட்டிருந்திருக்கிறார். "கேட்டுக்கிட்டியா ராமசுப்பு, சந்தோசமாம்ல" என்று ராக்கம்மாள் அம்மாளின் குரல் கேட்டது. போன் கட்டாகிவிட்டது. அதற்குப் பிறகு நான் கூப்பிட்டால் எடுக்கவில்லை. சாயங்காலம் தகவல் மட்டும் வந்தது: சம்பந்தத்தை யோசிக்க வேண்டியிருக்கிறது. தங்கலட்சுமி அழுதாள். மாரிக்கண்ணன் சாப்பிடவில்லை. அவன் என்னை எதிர்த்துப் பேசியதே கிடையாது, அன்றைக்கும் மெதுவாகத்தான் கேட்டான்: "அப்பா, நீங்க சந்தோசம்னு ஒருத்தர்கிட்டச் சொல்லி நான் கேட்டதே இல்ல. அத இன்னைக்குத்தான் சொல்லணுமா?" பெண்ணும் அவனும் போனில் பேசிப் பழகிவிட்டார்கள் என்பதும் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

உடனே ரேணுகாவைக் கூப்பிட்டு விளக்கத் தாளை வரிவரியாக வாசிக்கச் சொல்லிக் குறிப்பு எடுத்துக்கொண்டேன். மறுநாள் காலை மைப் புட்டி, பேனா, எங்கள் வீட்டு ஓலை எல்லாவற்றையும் ஒரு மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு தங்கலட்சுமியும் நானும் திருச்சுழி பஸ் ஏறினோம். அங்கே எங்களுக்குத் தண்ணீர் கொடுத்தார்கள், காப்பி கொடுக்கவில்லை. அதிலேயே எனக்கு விளங்கிவிட்டது, இருந்தாலும் தயாரித்துப் போனதைச் சொல்லாமல் திரும்புவது முறையாகாது என்று ஆரம்பித்தேன். இந்த மையில் இரும்பு உப்பு இருக்கிறது, காற்றுப் பட்டால் கறுக்கும் என்றேன். நல்ல காரியத்துக்கு இரும்பை வைத்தா எழுதினீர்கள் என்று கேட்டார்கள். பதறிப்போய், இரும்பு மட்டும் இல்லை, மாசிக்காயும் உண்டு என்றேன். மாசிக்காய் பிள்ளைகளுக்கு உரசிக் கொடுப்பதாயிற்றே என்று ராக்கம்மாள் அம்மாள் முகம் கொஞ்சம் இளகியது. அத்தோடு நான் நிறுத்தியிருக்க வேண்டும். குறிப்பில் அடுத்த வரி பாக்கி இருந்ததால், அது உண்மையில் காய் இல்லை, ஒரு வகைக் குளவி மரத்தில் முட்டையிட்டதும் மரம் வீங்குகிற வீக்கம் என்பதையும் சொன்னேன்.

"குளவி வச்ச வீக்கத்தக் கரைச்சா எம் மருமக ஓலையில எழுதிருக்கீக?"

தங்கலட்சுமி என் தொடையில் கிள்ளினாள். "இவுக படிச்சது கூடிப்போச்சு மதினி, மனசுல ஒண்ணுமில்ல" என்றாள். பிறகு பேனாவை என் கையில் திணித்து, எல்லோர் முன்னாலும் புதிதாக எழுதிக் காட்டச் சொன்னாள். எழுதினேன். தாளை முற்றத்தில் ஒரு மனைப்பலகை மேல் வைத்து எல்லோரும் சுற்றி உட்கார்ந்தோம். மாப்பிள்ளை, எத்தனையோ விசாரணைகளுக்குக் கோப்பு தூக்கிக்கொண்டு போயிருக்கிறேன், அப்போதெல்லாம் இப்படி வேர்த்ததில்லை. பார்க்கப் பார்க்க அந்த மை பச்சையாகவே இருந்தது. வீட்டில் ஆள் இருக்கும்போது உலை வைக்காமல் எப்படி என்று சோறு பொங்கினார்கள். தங்கலட்சுமி போய் வெங்காயம் உரித்தாள். பக்கத்துக் கொல்லைக்காரர் ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு, நாங்கள் மை போட்டுக் குறி பார்க்கிறோம் என்று நினைத்து, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்து காணாமல் போன தன் ஆடு எந்தத் திசையில் இருக்கிறது என்று என்னிடம் பயபக்தியோடு கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். சொல்ல மாட்டேன் என்கிறார் என்று வருத்தத்தோடு போனார்.

சாப்பிட்ட பிறகு ராக்கம்மாள் அம்மாள் தூணில் சாய்ந்து கொஞ்சம் கண் அசந்தார்கள். அந்த நேரம் பார்த்து எழுத்து கறுக்கத் தொடங்கி, அவர்கள் விழித்தபோது கரும்பாறை மாதிரி ஆகிவிட்டது. ராமசுப்பு சம்பந்தி துள்ளினார். அம்மாள் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, நான் கண்ணை மூடினதும் மாற்றிவிட்டார்கள் என்றார்கள். என் வாழ்க்கையில் நான் யோசிக்காமல் செய்த இரண்டாவது காரியம் அதுதான், பேனாவை அவர்களிடமே நீட்டிவிட்டேன். "நீங்களே எழுதுங்கம்மா. நீங்களே காவல் இருங்க."

அவர்களுக்குத் தன் பெயர் மட்டும் எழுதத் தெரியும். களைக்கொத்தைப் பிடிப்பது போலப் பேனாவைப் பிடித்து, ஒவ்வொரு எழுத்தையும் ஊன்றி எழுதினார்கள். நிப்பு இரண்டாக விரிந்துவிட்டது, நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன். விரலெல்லாம் பச்சை. தாளை மடியில் வைத்துக்கொண்டு இமைக்காமல் பார்த்தார்கள். காப்பி வந்தது, எங்களுக்கும் சேர்த்து. பொழுது சாயும்போது அவர்கள் பெயர் கறுத்து, தாளில் செதுக்கி வைத்தது போல எழும்பி நின்றது. பிறகு தம்பியைக் கூப்பிட்டுக் காட்டினார்கள்.

"பாருடா. உளுந்து நெத்து பச்சையா இருந்தா யாரு புடுங்குவா? கருத்தாத்தான் முத்துனது. எம் பேரு முத்திருச்சு."

அத்தோடு சாமி படத்துக்குக் கீழே இருந்த ஓலையை எடுத்து வரச் சொல்லி, அதில் எல்லோருடைய கையெழுத்துக்கும் மேலே தன் பெயரை எழுதினார்கள். பேச்சு முடிந்துவிட்டது. நாங்கள் கிளம்பும்போது ஜெகதீஸ்வரி வாசல்வரை வந்து, அவுக சாப்பிட்டாகளா என்று தங்கலட்சுமியிடம் மட்டும் கேட்டாள்.

ஆகவே, மாப்பிள்ளை, எல்லாம் நல்லபடியாக முடிந்தது. ஆனாலும் இப்படி ஒரு பகலை இன்னொரு முறை தாங்கும் வயது எனக்கு இல்லை. மீதி மையைப் பரண்மேல் ஏற்றிவிட்டேன். அந்த இரண்டாவது புட்டியை அங்கேயே யாராவது தைரியசாலிக்குக் கொடுத்துவிடவும். நீலம் எனக்குப் போதும். தாங்களும் ரேணுகாவும் பதினாறும் பெற்று, குளிர் காலத்தில் காதை மூடிக்கொண்டு, நீடூழி வாழ ஆசீர்வதிக்கிறேன். தங்கலட்சுமி விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள். ஏதேனும் அதிகப்படியாக எழுதியிருந்தால் பொறுத்தருளவும்.

இப்படிக்கு,
தங்கள் மாமனார்
சங்கையா

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது ராமசுப்பு சம்பந்தி போன் செய்தார். கல்யாணப் பத்திரிகை உறைகள் அத்தனையிலும் விலாசத்தை நான் கையால் அந்த மையில்தான் எழுத வேண்டுமாம். அச்சடித்த விலாசமோ நீல மையோ வந்தால் இந்தச் சம்பந்தமே வேண்டாம் என்று அக்கா சொல்லிவிட்டார்களாம். பாங்கியில் கையெழுத்துப் போட எடுத்துப் போக அவர்களுக்கும் ஒரு புட்டி வேண்டுமாம். பரண்மேல் ஏற்றிய புட்டியைப் பார்த்தேன், எலி உருட்டிவிட்டு மை முழுக்கக் கொட்டியிருக்கிறது. ஆகவே மேலே 'வேண்டாம்' என்று எழுதியுள்ள எல்லா இடங்களிலும் 'வேண்டும்' என்று திருத்தி வாசித்து, வாங்கி வைத்த புட்டியோடு இன்னும் மூன்று சேர்த்து உடனே விமானத் தபாலில் அனுப்பவும். அழுத்தி எழுதினாலும் விரியாத நிப்பு அந்த ஊரில் கிடைத்தால் அதுவும் ஒன்று.