பொன்னாடை சார் வீட்டு நேர்காணல்

நெய்வேலி டவுன்ஷிப்பில் பட்டம் வாங்கிய ஒருவர் பொன்னாடை சாரிடம் மாட்டாமல் தப்பித்தார் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சுரங்கத்துக்குள் இறங்கி ஒளிந்தாலும் ஷிஃப்ட் முடிந்து மேலே வந்துதானே ஆகவேண்டும்? வந்தால் அங்கே சைக்கிளோடு அவர் நிற்பார். ஹாண்டில்பாரில் மஞ்சள் பை தொங்கும். பைக்குள் மடிப்புக் கலையாத பொன்னாடை இருக்கும்.

அவருக்குச் சொந்தமாக ஒரு பெயர் இருந்தது. சம்பள நாளில் மட்டும் அது பயன்பட்டது என்று நினைக்கிறேன். மற்ற நாட்களில் பெரியவர் முதல் பிள்ளைகள்வரை எல்லோருக்கும் அவர் பொன்னாடை சார். எங்கள் பல்கலைக்கழகத்துப் பழைய மாணவர் சங்கத்தின் நெய்வேலிக் கிளைக்குச் செயலாளர். தலைவர்கள் வந்தார்கள், போனார்கள். பொருளாளர்களுக்கு ஊர் மாற்றம் வந்தது. செயலாளர் மட்டும் அசையவில்லை. தொழிலில் சாதனையும் சமூகத்துக்குத் தொண்டும் ஒருசேரச் செய்த பழைய மாணவர்களைத் தேடிப்பிடித்து, ஆண்டுக்கொரு விழா வைத்துக் கௌரவிப்பதுதான் சங்கத்தின் வேலை.

சாதனைக்குப் பஞ்சமே இல்லை. நெய்வேலியில் யாரைத் தொட்டாலும் ஏதாவது ஒரு ராட்சச இயந்திரத்தை ஓட்டிக்கொண்டோ, அதன் வயிற்றைக் கிழித்துத் தைத்துக்கொண்டோ இருப்பார். தொண்டுக்குத்தான் ஆள் இல்லை. எட்டு மணி நேரம் நிலக்கரித் தூசியில் நின்றுவிட்டு வருகிறவன் குளித்துவிட்டுத் தூங்குவானா, ஊருக்கு உழைப்பானா? இந்தச் சிக்கலுக்குப் பொன்னாடை சார் ஒரு வழி கண்டுபிடித்தார். முதலில் விருதைக் கொடுத்துவிடுவது. தொண்டை அப்புறம் வசூலித்துக்கொள்வது.

லேபில் இருந்த ராமநாதனுக்கு, "மந்தாரக்குப்பத்து ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசமாகப் பாடம் நடத்தும் பெருந்தகை" என்று மேடையில் பொன்னாடை போர்த்தினார். ராமநாதன் மந்தாரக்குப்பத்துக்குப் போனது கோழி வாங்க மட்டும்தான். யாரையோ நினைத்து நம்மைப் பாராட்டுகிறார்கள் என்று கும்பிட்டுவிட்டு இறங்கினார். மறுநாள் காலை கதவைத் திறந்தால் வாசலில் பத்துப் பதினைந்து பிள்ளைகள் சிலேட்டோடு உட்கார்ந்திருக்கின்றன. பின்னால் சைக்கிளைப் பிடித்தபடி பொன்னாடை சார்.

"என்ன சார் இது அநியாயம்?"

"அநியாயமா? நேத்து உங்க மாமியார் முன்வரிசையில உட்காந்து கை தட்டுனாங்க தம்பி. அவங்க கிட்ட நீங்களே சொல்லிருங்க, எல்லாம் பொய்யின்னு."

ராமநாதன் பாடம் நடத்தினார். திட்டிக்கொண்டே நடத்தினார். இன்றும் நடத்திக்கொண்டிருக்கிறாராம்.

இன்னொருவர் மெக்கானிக்கல் கோபால். ஆறடிக்கு மேல் உயரம், ஊசி என்ற சொல்லைக் கேட்டாலே உட்கார்ந்துவிடுவார். அவரைக் 'குருதிக்கொடை வள்ளல்' ஆக்கி, மறுவாரம் ஆஸ்பத்திரிக்குச் சைக்கிளில் முன்னால் உட்காரவைத்துக் கூட்டிப் போனார். மிதித்தது பொன்னாடை சார். வள்ளல் வழியில் குதித்துவிடக் கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு.

ஷிஃப்ட் என்று சொல்லியும் அவரிடம் தப்ப முடியாது. டவுன்ஷிப்பில் ஒவ்வொருவருடைய ஷிஃப்ட்டும் அவருக்கு மனப்பாடம். "செகண்ட் ஷிஃப்ட் சார், இப்பக் கிளம்பணும்" என்று ஒருவர் இழுத்தால், "உனக்கு செகண்ட் ஷிஃப்ட் சனிக்கிழமையோட முடிஞ்சு போச்சேப்பா. இன்னிக்கு வார ஓய்வு. உள்ள வரலாமா?" என்று செருப்பைக் கழற்றிவிடுவார். ஒருவர் பதற்றத்தில் கொல்லைப்புறத்துப் பலாமரத்தில் ஏறிவிட்டார். பொன்னாடை சார் அடியில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, அண்ணாந்தபடியே முழு நேர்காணலையும் முடித்தார்.

நேர்காணல் என்று சொன்னேன் இல்லையா, சங்கத்தில் அது ஒரு விதி. கௌரவிக்கப்படுகிறவரின் வீட்டுக்கே தேர்வுக்குழு போய், குடும்பத்தோடு உட்கார்ந்து விவரம் கேட்க வேண்டும். குறைந்தது மூன்று பழைய மாணவர்கள் இருந்தால்தான் அது செல்லும். விதியை எழுதியவரும் அவர்தான்.

நான் அப்போது பயிற்சிப் பொறியாளன். பயிற்சியாளர் விடுதியில் ஒரு கட்டில், ஒரு டிரான்சிஸ்டர். ஞாயிற்றுக்கிழமை வந்தால் என்ன செய்வதென்று தெரியாமல் வட்டம் வட்டமாக நடப்பேன். எழுபதுகளின் கடைசியில் நெய்வேலியின் தெருக்கள் எல்லாம் அளவெடுத்துப் போட்டாற்போல ஒரே மாதிரி இருக்கும். ஒவ்வொரு வீட்டிலும் விளக்கு எரியும், தாளிக்கிற வாசனை வரும், ஒரு குழந்தை அழும். நமக்கு மட்டும் எந்தக் கதவும் கிடையாது. அப்படி நடந்துகொண்டிருந்தவனைத்தான் சைக்கிள் வழிமறித்தது.

"எந்த யுனிவர்சிட்டி?"

சொன்னேன்.

"அதானே பாத்தேன். இன்னியிலேருந்து நீர் இணைச் செயலாளர். ஏறும் பின்னால."

அன்றிலிருந்து அவருடைய நேர்காணல்களுக்கெல்லாம் நானும் போனேன். மூன்றாவது ஆளை அந்தந்தத் தெருவிலேயே பிடித்துக்கொள்வார். அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். 'தொழில் சாதனை' கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். அப்புறம் அந்த அம்மாளின் சொந்த ஊர் எது, அங்கே மழை உண்டா, பையனுக்குக் கணக்கில் என்ன மார்க், செம்பருத்தி ஏன் பூக்கவில்லை என்று பேச்சு போய்க்கொண்டே இருக்கும். சோறு வடிக்கிற நேரம் வந்ததும் சட்டென்று எழுந்துவிடுவார்.

"இருந்து ஒரு வாய் சாப்பிட்டுப் போங்க சார்."

"இல்லம்மா. சமைச்சு வச்சுட்டு வந்திருக்கேன். ஆறிப் போயிரும்."

அவர் வீட்டு அடுப்பு எனக்குத் தெரியும். அதில் பால் பொங்கிக்கூட நான் பார்த்ததில்லை. கல்யாணம் செய்துகொள்ளாதவர், மூன்று வேளையும் கேண்டீன்தான்.

ஒருமுறை, ஏற்கெனவே தேர்வாகிவிட்ட ஒருவர் வீட்டுக்கு மறுபடியும் கிளம்பச் சொன்னார்.

"அவருக்குத்தான் முடிஞ்சு போச்சே சார். எதுக்கு இன்னொரு நேர்காணல்?"

"சில விவரம் விட்டுப் போச்சு."

"என்ன விவரம்?"

பெடலை இரண்டு மிதி மிதித்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "அந்தச் சின்னக்குட்டி ஏழாம் வாய்ப்பாடு சொல்லுதேன்னு சொல்லிச்சு. நாம கேக்காம வந்துட்டோம்."

அவர் ரிடையர் ஆகும் நேரம் நெருங்கியது. ரிடையர் ஆனால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். சாத்தூரில் அண்ணன் மகன் வீட்டு மாடியில் ஓர் அறை இருந்தது, அங்கே போவதாக ஏற்பாடு. சாத்தூரில் சங்கத்துக்குக் கிளை கிடையாது. அதாவது, இனி எந்த வீட்டுக் கதவைத் தட்டவும் அவரிடம் காரணம் இருக்காது. ஒரு நாள் சைக்கிளைத் துடைத்துக்கொண்டே, முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டு கேட்டார்.

"ஊர்ல எல்லா வீட்டுக்கும் கமிட்டி போயாச்சு. போறதுக்கு முன்னால நம்ம வீட்டுக்கும் ஒரு தடவை வந்தா எப்படி இருக்கும்வே?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். எனக்குத்தான் அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

குழுவைக் கூட்டி, இந்த ஆண்டு பொன்னாடை சாருக்கே பொன்னாடை என்றேன். கோபால் உட்பட வந்திருந்த நான்கு பேரும் கை தட்டினார்கள். அவருடைய பக்கத்து வீட்டு இன்ஜினீயர் சண்முகம் மட்டும் காதோடு கேட்டார். "நேர்காணலுக்குப் போனா அங்க வச்சே நமக்கு எதாவது தொண்டு குடுத்துருவாரேய்யா?" கொடுக்க மாட்டார் என்று சத்தியம் செய்தேன். ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு எல்லோரும் வந்துவிடுவதாகச் சொன்னார்கள்.

ஐந்து மணிக்கு நான் போனபோது வீடு அடையாளம் தெரியவில்லை. இரவல் வாங்கிய நாற்காலிகள் அரைவட்டமாக நின்றன. தட்டில் பண்ருட்டிப் பலாச்சுளையும் வறுத்த முந்திரியும் இருந்தன. ஒரு பாத்திரம் நிறையக் கேசரி. அவரே கிண்டியது, நடுவில் கரண்டி நட்டுக்கொண்டு நின்றது. சலவைச் சட்டை போட்டு, தலையைப் படிய வாரி, தேர்வுக்கு வந்த பையனைப் போல எதிர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

ஐந்தரை ஆயிற்று. ஆறாயிற்று. கேசரி இறுகிக்கொண்டே போனது.

"கோபாலுக்கு ஊர்லேருந்து விருந்தாளி வந்திருப்பாங்க" என்றார்.

நான் தலையாட்டினேன்.

"சண்முகத்துக்குப் பாவம், செகண்ட் ஷிஃப்ட்."

சுவருக்கு அந்தப் பக்கம் சண்முகத்தின் இருமல் கேட்டது. அதையடுத்து ரேடியோ அலைவரிசை மாறியது. நாங்கள் இருவரும் பலாச்சுளையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நெய்வேலியில் யார் சொன்ன ஷிஃப்ட் பொய்யையும் விட்டுவைக்காத மனிதர், முதல்முறையாகத் தானே ஒன்றைச் சொன்னார்.

கடைசியில் எழுந்து நாற்காலிகளை அடுக்கத் தொடங்கினார். "மூணு பேர் இல்லாம நேர்காணல் செல்லாதுவே. விதி விதிதான். கேசரியை விடுதிப் பயலுகளுக்குக் கொண்டு போம்."

"அஞ்சு நிமிஷம் சார்" என்று சொல்லிவிட்டு வெளியே ஓடினேன். யாரைப் பிடிப்பது என்று ஒன்றும் தெரியவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் சண்முகத்தின் மனைவி செல்வி, கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தார். குள்ளஞ்சாவடிப் பக்கத்துப் பெண்.

"என்னா தம்பி, சார் வூட்ல விசேஷமா? காலையிலேருந்து நாற்காலி கேட்டுக்கினு இருந்தாரு."

"அண்ணன் ஷிஃப்ட்டுக்குப் போயிட்டாராக்கா?"

"ஷிஃப்ட்டா? படுத்துக்கினு ரேடியோ கேக்குறாரு. ஏன்?"

மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். எங்கள் யுனிவர்சிட்டியில் படித்த இன்னும் இரண்டு பேர் இல்லாததால் அந்த மனிதர் உள்ளே நாற்காலி அடுக்கிக்கொண்டிருக்கிறார் என்றேன். செல்வி அக்கா கையிலிருந்த துணியை அப்படியே கொடியில் போட்டார்.

"ஏன் தம்பி, நானும் அதே யுனிவர்சிட்டிதான். பி.ஏ. வரலாறு. புள்ளைய மடியில போட்டுக்கினு தபால்ல படிச்சேன். நான் வந்தா ஆவாதா?"

நான் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆகும், ஆகும் என்று தலையாட்டினேன்.

"எதிர் வூட்டு மேரி டீச்சரும் அங்கதான் படிச்சாங்க" என்றவர், உள்ளே திரும்பி ஒரு குரல் கொடுத்தார். "ஏங்க, செகண்ட் ஷிஃப்ட்டு! எழுந்திரிச்சி வந்து துணிய மடிங்க. நான் கமிட்டிக்குப் போறேன்."

பத்தே நிமிடத்தில் இரண்டு பேரும் புடவை மாற்றி, பூ வைத்து, படியேறினார்கள். விவரம் கேட்டதும் பொன்னாடை சார் எழுந்து நின்றுவிட்டார்.

"உங்க வீட்டுக்கு எத்தனை தடவை வந்திருக்கேன்! ஒரு பழைய மாணவர் உள்ள இருக்காங்கன்னு தெரியாமப் போச்சேம்மா!"

"வந்தீங்க. அவர்கிட்டயே கேட்டுக்கினு இருந்தீங்க. உள்ள காபி போட்ட கை பி.ஏ.வா எம்.ஏ.வான்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா?" செல்வி அக்கா நடு நாற்காலியில் உட்கார்ந்தார். "இன்னிக்கு நாங்க கேக்குறோம். உக்காருங்க. தொழில்ல என்னா சாதனை?"

அவர் சட்டைக் கையை நீவி விட்டுக்கொண்டார். "பம்பும்மா. சுரங்கத்துக்கு அடியில தண்ணி முட்டிக்கிட்டு இருக்கும். அது மேல வராம இறைச்சிக்கிட்டே இருக்கணும். வேலைக்குச் சேந்த நாளையிலேருந்து அதான். வராத தண்ணியை என்னன்னு சாதனையாக் காட்டுவேன்?"

"தொண்டு?" என்றார் மேரி டீச்சர்.

"நான் ஒண்ணும் செய்யலை டீச்சர். எல்லாம் அவங்கவங்க செஞ்சது. நான் சைக்கிள் மிதிச்சேன்."

மூன்றாவது கேள்வி குடும்ப விவரம். அதைக் கேட்க வேண்டியவன் நான். எத்தனையோ வீடுகளில் கேட்டிருக்கிறேன், அன்றைக்குக் கேசரிப் பாத்திரத்தைப் பார்த்தேன். அவரே, "அது விதியில கட்டாயமில்லை" என்று தரையைப் பார்த்தார்.

செல்வி அக்கா கேசரியில் நின்ற கரண்டியைப் பிடுங்கிக்கொண்டே சொன்னார். "கட்டாயம்தான். எங்க வூட்டு ஏழு மணிச் சோத்துக்கு இன்னிக்கு இவரு வராருன்னு எழுதிக்கங்க தம்பி. 'சமைச்சு வச்சிருக்கேன்'னு மட்டும் சொல்லாதீங்க சார், வாசனையே இல்லாத அடுப்புன்னு எனக்கு இந்தச் செவுத்துக்கு அந்தாண்டயிருந்தே தெரியும்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அன்று அந்த வீட்டில் சாப்பிட்டார். துணி மடித்த சண்முகமே பரிமாறினார்.

விழா நடந்தது. பொன்னாடை போர்த்தினோம். மாதம் முடிந்ததும் ஒரு டிரங்குப் பெட்டி, சைக்கிள் சகிதம் அவர் சாத்தூருக்குப் போய்விட்டார். இத்தனை வருடம் இருந்த ஊரில் ஒரே ஒரு இரவுச் சாப்பாடு. அதை நினைத்தால் இப்போதும் எனக்குச் செல்வி அக்காவின் மேல் நன்றியும், எங்கள் நெய்வேலியின் மேல் கோபமும் சேர்ந்து வருகின்றன. அத்தனை விளக்குகள் எரிந்த ஊர் அது.

சில வருடம் கழித்துத் திருநெல்வேலிக்கு ஒரு வேலையாகப் போய்த் திரும்புகிற வழியில் சாத்தூரில் இறங்கினேன். மாடி அறை. ஒரு நாற்காலி. இளைத்திருந்தார். என்னைக் கண்டதும் பரபரப்பாகச் சட்டையை மாட்டினார்.

"என்னவே, சங்க விஷயமா? யாரையும் பாக்கணுமா?"

"ஒண்ணுமில்ல சார். சும்மா உங்களைப் பாக்கத்தான் வந்தேன்."

"சும்மாவா?" என்று கேட்டார். சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, "சும்மாதான் வந்தீரா?" என்று மறுபடியும் கேட்டார். பிறகு அந்த ஒரே நாற்காலியை எனக்குத் தள்ளிவிட்டு, தான் பெட்டியின் மேல் உட்கார்ந்து, எங்கள் வீட்டில் எல்லோரையும் பற்றி ஒவ்வொருவராக விசாரிக்க ஆரம்பித்தார்.

ஐந்து மணிக்கு மதுரை பஸ் என்று சொல்லியிருந்தேன். ஜன்னலுக்குக் கீழேதான் அது ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று. நான் கேட்காதவன் போல இருந்துவிட்டேன்.