மூன்று கிணறும் மாமியார் குளியலும்

"தொட்டி மறுபடியும் காலி. இந்த வீட்ல மனுஷங்க இருக்கீங்களா, யானை இருக்கா?"

மொட்டை மாடியிலிருந்து குக்கர் கத்தினார். ஹெட்மாஸ்டராக இருந்த காலத்தில் பையன்கள் வைத்த பெயர் அது. முதலில் விசில் வரும், பிறகு வெடிப்பார்.

யார் தயவும் வேண்டாம் என்று மச்சானிடம் மார்தட்டிவிட்டு, கரண்ட் கம்பியும் குடிநீர்க் குழாயும் எட்டிப் பார்க்காத பொட்டலில் வீடு கட்டியவர். வெயிலில் ஓடும் மோட்டார்கள், மூன்று கிணறுகள், மூன்றிலிருந்தும் தொட்டிக்கு ஒரே குழாய். எல்லாம் அவர் மூளை. கொல்லைக் கிணறு வற்றியதும் அதன் மோட்டாரை மட்டும் கழற்றினார். உள்ளே தொங்கிய குழாயைக் கழற்றச் சோம்பல், விட்டுவிட்டார். மற்ற இரண்டு கிணறுகளும் தொட்டியை நிரப்பிக்கொண்டுதான் இருந்தன.

போன வாரம் தண்ணீர் கொஞ்சம் மெலிந்தது. குறடும் கையுமாகக் கிளம்பியவர், ஒவ்வொரு கிணற்றுக் குழாயிலும் ஒரு வால்வு இருப்பதைப் பார்த்துக் கொதித்தார். தண்ணீர் போகிற வழியில் குறுக்கே இது எதற்கு? மூன்றையும் பிடுங்கி எறிந்தார். பிளம்பர் போனில், "தண்ணி திரும்பிப் போகாம இருக்கத்தான் சார் அது..." என்று ஆரம்பித்தார். எனக்கே பாடமா என்று குக்கர் போனை வைத்துவிட்டார்.

மறுநாள் தொட்டிக்குச் சொட்டுத் தண்ணீர் வரவில்லை. இரண்டு மோட்டார்களையும் ஒன்றாக ஓட்டினார். அப்போதும் தொட்டி காய்ந்து கிடந்தது. அவரும் குளிக்காமல் நாறிக் கிடந்தார்.

மாமியார் மட்டும் தினமும் தலை ஈரம் சொட்டச் சொட்ட வந்தாள்.

குக்கருக்குப் புரிந்துவிட்டது. ஏறுகிற தண்ணீரையெல்லாம் கிழவி குளித்தே தீர்க்கிறாள். குளியலறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகினார். அன்று கொடியில் வீட்டுப் போர்வைகள் அத்தனையும் துவைத்துத் தொங்கின. அவருக்கு உச்சந்தலை பற்றி எரிந்தது.

"உங்கம்மா தண்ணி திருடுறா," என்று மனைவியிடம் பாய்ந்தார்.

மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள். பரணிலிருந்து பெட்டியை இறக்கித் துணியை அடுக்கினாள்.

"சாயந்திரம் தம்பி கார் கொண்டு வரான். அதுக்குள்ள எங்கம்மாகிட்ட மன்னிப்புக் கேளுங்க. இல்லைன்னா உங்க தொட்டியோடயே குடும்பம் நடத்துங்க. நான் திரும்பி வரமாட்டேன்."

அவள் சொன்னால் செய்கிறவள். ஆனாலும் மன்னிப்பு என்ற வார்த்தை அவர் வாயில் வந்த வழக்கமே இல்லை. கையும் களவுமாகப் பிடித்துவிட்டால் மன்னிப்புக் கேட்க வேண்டியது அவர்கள்தானே?

மச்சானின் கார் வந்து நின்றது. நல்லதாயிற்று, சாட்சிக்கு ஆள் இருக்கிறது. மோட்டார்களை நிறுத்தினார். இனி கிழவி எந்தத் தண்ணீரில் குளிக்கிறாள், பார்க்கலாம். மனைவியையும் மச்சானையும் இழுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனார்.

கிணற்றடித் தட்டிக்கு மேலே, சோப்பு நுரையோடு மாமியாரின் தலை எட்டிப் பார்த்தது. கையில் வாளிக் கயிறு.

"மாப்பிள்ளை, மோட்டாரை ஏன் நிறுத்திட்டீங்க? நீங்க அதைப் போட்டாத்தானே இந்த வத்துன கிணத்துல தண்ணி கொட்டுது."